எர்னெஸ்டோவைப் பற்றி ஜப்பானிய மொழியில் நான் சொன்னது

அரவிந்த்,

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில் நீ இருக்கும் ஆலன் ஊரிலிருந்து கூப்பிட்டாய். நான் கராஜில் பழைய பெயின்ட் டப்பாக்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, க்விக் கொஸ்டின்" என்று ஆரம்பித்தாய். உன் கம்பெனி ஒரு வீடியோ கேமை இங்கிலீஷிலிருந்து ஜப்பானிய மொழிக்கு மாற்றுகிறது. அதில் மலைக்கு அந்தப் பக்கம் வாழும் ஒரு கூட்டத்தை நகரத்து ஆட்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்று ஏசுகிறார்கள். கதாநாயகனோ எங்கிருந்தோ வந்த அந்நியன். இவர்களுக்கு என்ன சொல் போடுவது என்று உன் டீமில் ஒரு வாரமாகத் தகராறு என்றாய். உன்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. யபான்ஜின் என்றால் காட்டுமிராண்டி. மிகாய்ஜின் என்றால் இன்னும் திறக்காத மனிதன், அதாவது அறிவு விரியாதவன். எபிசு, பழைய காலத்தில் வடக்கே இருந்த குடிகளை அப்படிச் சொன்னார்கள். அந்நியனுக்குக் கைஜின், அதாவது வெளியாள். கொஞ்சம் மரியாதையாக வேண்டுமென்றால் கைகோகுஜின், வெளிநாட்டுக்காரர். நான் கையிலிருந்த டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொன்னேன். திட்டுகிற இடத்தில் யபான்ஜின் போடு, நன்றாகக் காரமாக இருக்கும், அந்நியனுக்குக் கைஜின் போதும் என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் நீ இன்னொன்றும் சொன்னாய். அந்த மலைக் கூட்டத்துக்கு வசனம் அதிகமாக இருக்கிறது, திரையில் இடம் போதவில்லை, பாதியை வெட்டச் சொல்கிறார்கள் என்று. "வெட்டிடு, அவங்க பேசறத யார் கவனிக்கப் போறா" என்றேன். நீ சிரித்துவிட்டு போனை வைத்தாய்.

நான் அந்த டப்பாவோடு அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். உன் அம்மா வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லையைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ ஜப்பானிய எழுத்து ஆயிரக்கணக்கில் படிப்பாய், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனாலும் தமிழில்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மெயில் மாதிரி என்னை நானே காப்பாற்றிக்கொள்வேன். ஜப்பானிய மொழியில் எழுதினால் பணிவிலேயே விஷயத்தைப் புதைத்துவிடுவேன். மெதுவாகப் படி. இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

நீ பிறப்பதற்கு முன் மூன்று வருஷம் நான் ஜப்பானில் இருந்தது உனக்குத் தெரியும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்கால வகுப்பில் அந்த மொழியைப் படித்து, ஒரு கடலோர ஊரில் மெஷின் செய்யும் தொழிற்சாலைக்கு எஞ்சினியராகப் போனேன். வாடகை வீடு தேடி ஒரு தரகரிடம் போன கதையை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்காரராகப் போனில் கூப்பிட்டார். "கைஜின்-சான் ஒருவர் வந்திருக்கிறார், உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். சான் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. நம்மூரில் ஒருவர், "பரதேசி அவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. பரதேசியும் முதலில் வேறு தேசத்துக்காரன் என்ற அர்த்தத்தில் இருந்த சொல்தானே, எப்படியோ நம் வாயில் பிச்சைக்காரனாகி, அப்புறம் வசவாகிவிட்டது. ஐந்து வீட்டுக்காரர்கள் இழுத்து இழுத்து மறுத்தார்கள். ஆறாவது வீடு கிடைத்தது, அதை வாங்கிக் கொடுத்தவரும் அந்தத் தரகர்தான். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த ஐந்து போன் பேச்சும் முடியும்வரை நான் மடியில் கை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒருநாள் உட்கார்ந்தவன் இன்னொருவனை உட்காரவைக்க மாட்டான் என்றுதான் என்னைப் பற்றி நானே ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நியூ ஜெர்சி. நீ பிறந்தாய். பிஸ்கட்டவேயில் அந்த இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். நான் வேலைக்குச் சேர்ந்த மருந்துக் கம்பெனியை இரண்டாம் வருஷமே ஒரு ஜப்பானியக் கம்பெனி வாங்கியது. மொழி தெரிந்தவன் அந்த ஃபேக்டரியில் நான் ஒருவன்தான். எஞ்சினியர் வேலையோடு மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் வந்தது. வந்தது என்ன, நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். மீட்டிங்கில் ஜப்பானியர்கள் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். நான் பேசினால்தான் அமெரிக்கர்களுக்குப் புரியும் என்ற நிலை. அங்கே மூன்று வருஷம் வெளியாளாக இருந்தவனுக்கு இங்கே உள்ளாளாக ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எர்னெஸ்டோ அங்கே மாத்திரைகளை அட்டையில் அடைத்து ஒட்டும் மெஷினை ஓட்டினார். குவாத்தமாலாவில் மலைப்பக்கத்துக்காரர், குள்ளமான உருவம், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். வீட்டில் பேசுவது அவர்களுடைய பழைய மலை மொழி. ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் படித்தது, இங்கிலீஷ் இங்கே வந்து பொறுக்கிக்கொண்டது. உனக்கு நாலரை வயது இருக்கும்போது ஒரு பெரிய பனிப்புயல் அடித்தது. உன் அம்மா மன்ஹாட்டனிலிருந்து வரும் ட்ரெயினில் மாட்டிக்கொண்டாள். என் கார் பார்க்கிங் லாட்டில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஆறு மணிக்கு டேகேரை மூடிவிடுவார்கள். உனக்குக் காது வலி என்று அங்கிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. எர்னெஸ்டோ ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர், நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் பிக்கப் ட்ரக்கின் கதவைத் திறந்தார். போகும் வழியெல்லாம் சறுக்கியது. நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாய். அவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஹீட்டரில் காட்டிச் சூடாக்கிய கம்பளிக் கையுறையை உன் காதில் ஒத்திக்கொண்டே வந்தார். வீடு வந்து சேர்ந்தபோது நீ தூங்கிவிட்டாய். அவர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். அன்றிலிருந்து உனக்கு அவர் ட்ரக் அங்கிள். அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். உன் அம்மாவின் மிளகாய்ச் சட்னியைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊர்க் காரம் என்பார்.

அடுத்த வருஷம் ஜப்பானிலிருந்து மொரிதா என்று ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஃபேக்டரிகளைச் சுற்றிப் பார்த்து, யாரை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவு செய்பவர். வந்த அன்று மதியம் அவரைக் கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். எர்னெஸ்டோ எதிரே வந்தார். வழக்கம்போல என் முதுகில் பலமாக ஒரு தட்டு தட்டி, பையன் எப்படி இருக்கான் என்று கேட்டார். கையில் மெஷின் எண்ணெய், என் வெள்ளைச் சட்டையில் நாலு விரலும் பதிந்துவிட்டது. மொரிதா அதைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. இவ்வளவுதான் அவர் செய்த குற்றம். நான் வேறு ஏதாவது பெரிய காரணம் இருந்திருக்கும் என்று பல வருஷம் தேடிப் பார்த்தேன், அரவிந்த். இதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எர்னெஸ்டோ தானாகவே மெஷினை நிறுத்திவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சரக்கு மொத்தமும் வீணாகப் போயிற்று, அதுவும் மொரிதா இருக்கும்போது. உடனே விசாரணை. ஒரு சின்ன அறை, மொரிதா, ப்ளான்ட் மேனேஜர், எர்னெஸ்டோ, நான். எர்னெஸ்டோ பத்து நிமிஷம் பேசினார். அவருடைய இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, ஆனால் சொன்னது சுத்தமாக எனக்குப் புரிந்தது. ஒட்டும் தகட்டின் சத்தம் மூன்று நாளாக மாறியிருக்கிறது. ஒரு ஓரத்தில் சூடு ஏறவில்லை. அட்டையின் அந்த ஓரத்தை நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. காற்றுப் பட்டால் மாத்திரை கெட்டுவிடும். சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை, அதனால்தான் நிறுத்தினேன் என்றார். இதைச் சொல்லிவிட்டு, நீ சொல் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் மொரிதாவிடம் ஜப்பானிய மொழியில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "ஏதோ சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்."

மொரிதா என்னிடம் கேட்டார், "இவர் எப்படிப்பட்ட ஆள்?" அது எனக்கான கேள்வி. எர்னெஸ்டோவுக்கு ஒன்றும் புரியாது. அந்த மொழியில் முரடர் என்று சொல்ல ஒரு சொல் இருக்கிறது, அவசரக்காரர் என்று சொல்ல ஒன்று, படிக்காதவர் என்று சொல்ல ஒன்று. எல்லாம் எனக்குத் தெரியும். கேன்டீனில் சட்டையில் பதிந்த கறைதான் ஞாபகத்தில் இருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டே, "யபான்ஜின் தெஸு நே" என்றேன். காட்டுமிராண்டிதான், வேறென்ன. நீ என்னை அப்பா என்று கூப்பிடுகிற இதே வாயால் சொன்னேன். மொரிதா சிரிக்கவில்லை. தன் நோட்டில் என்னவோ எழுதினார். நான் சிரித்ததைப் பார்த்து, காரியம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்து எர்னெஸ்டோவும் சிரித்தார்.

அந்த வாரமே அவருக்கு வேலை போய்விட்டது. போகும் அன்று என்னைத் தேடி வந்து, நான் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் மெஷின் சத்தம் எனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்கிறது போல என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதத்தில் கடைகளிலிருந்து மாத்திரை அட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மெஷினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டும் தகட்டில் ஓரமாக ஒரு விரிசல். ரிப்போர்ட்டை ஜப்பானிய மொழியில் எழுதியது நான். "இந்தக் கோளாறை முன்னதாக யாரும் கவனிக்கவில்லை" என்று அதில் ஒரு வரி வரும். அதையும் என் கையாலேயே டைப் பண்ணினேன்.

நீ அப்போதெல்லாம் ட்ரக் அங்கிள் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர் தன் ஊருக்கே போய்விட்டார் என்று உனக்குச் சொன்னேன், உன் அம்மாவுக்கும் அதையே சொன்னேன். நீ கொஞ்ச நாள் மேப்பில் குவாத்தமாலாவைத் தேடிக் காட்டச் சொல்வாய். அப்புறம் மறந்துவிட்டாய். உனக்குப் பன்னிரண்டு வயதில், எடிசன் பக்கம் ஒரு ஜப்பானிய ஹோட்டலில், மெனுவில் சிக்கன் நன்பான் என்று பார்த்துவிட்டு, "அப்பா, நண்பன் சிக்கனா!" என்று சிரித்தாய். அது நம் நண்பன் இல்லை, தெற்கேயிருந்து கப்பலில் வந்தவர்களை ஜப்பானியர்கள் அப்படிச் சொன்னார்கள், தெற்கத்திக் காட்டுமிராண்டி என்று அர்த்தம் என்று விளக்கினேன். அன்றைக்குத்தான் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும் என்று உனக்கு ஆசை வந்தது என்று நீயே பல பேரிடம் சொல்லியிருக்கிறாய். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. உன் அம்மா காரம் அதிகமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மொரிதா ஓய்வு பெற்றுப் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வந்தார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். வழியில் மெதுவாகக் கேட்டார், "அன்று மெஷினை நிறுத்தினாரே, அவருக்கு அந்த விரிசல் கேட்டிருக்கிறது, இல்லையா?" நான் சாலையைப் பார்த்துக்கொண்டு, இருக்கலாம் என்றேன். அவர், "எனக்கு அவருடைய மொழி தெரியாது. நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும்" என்றார். திட்டவில்லை. அவரிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். கம்பெனியில் எனக்கு ஒரு பதவி வரவேண்டியிருந்தது, சொல்லவில்லை.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன். யபான்ஜினா, மிகாய்ஜினா என்று நீ எதைப் போட்டாலும் சரி, கதையில் திட்டுகிறவன் வாயில் அது இருக்கட்டும், உன் வாயில் இல்லாமல் பார்த்துக்கொள். அதைவிட முக்கியம், அந்த மலைக்காரர்களின் வசனத்தை வெட்டாதே. நான் சொன்ன சொல்லால் எர்னெஸ்டோவுக்கு எவ்வளவு கெடுதல் வந்ததோ தெரியாது. அவருடைய பத்து நிமிஷத்தை ஒரு வரியாக்கினேனே, அதனால்தான் அவர் வேலை போயிற்று. இடம் போதவில்லை என்றால் நகரத்துக்காரர்கள் பேசுவதில் வெட்டச் சொல். சண்டை போட்டாவது சொல்.

நீ போன் பண்ணியதற்கு மறுவாரம் பழைய சூப்பர்வைசர் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். எர்னெஸ்டோ எந்த ஊருக்கும் போகவில்லை. பெர்த் அம்பாயில் இருக்கிறார், நம் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். இருபத்தைந்து வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறார். போன சனிக்கிழமை மதியம் போனேன். உன் அம்மாவிடம் அன்று காலையில்தான் முழுவதையும் சொன்னேன். அவள் என்னோடு வரவில்லை.

கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. சமையலறை மேஜையில் உட்காரவைத்தார். நான் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைக் காட்டுமிராண்டி என்றேன், நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. நான் முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மெஷின்ல நிஜமாவே கோளாறு இருந்ததா?"

"இருந்தது. தகட்டுல விரிசல். நீங்க சொன்ன அதே ஓரத்துல."

அவர் எழுந்து உள்ளே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்த்தா என்று பெயர். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு எதிரில் உட்காரவைத்து, "முதல்லேருந்து சொல்லுங்க, நான் இவளுக்குச் சொல்றேன்" என்றார்.

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தங்கள் மலை மொழியில் சொன்னார். எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவனுக்கு, ஒருவர் ஒழுங்காக மொழிபெயர்க்கிறாரா என்பது காதால் கேட்டாலே தெரிந்துவிடும். நான் நீளமாகச் சொன்னால் அவரும் நீளமாகச் சொன்னார். நான் தடுமாறினால் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். யபான்ஜின் என்ற இடம் வந்தது. அதற்கு அர்த்தம் சொன்னேன். அவர் முதல்முறையாக நின்றார், சொல்லைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார். புரியாத அவ்வளவு பேச்சுக்கு நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. இந்தியோ.

நான் நிமிர்ந்து பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். "எங்க பாஷையில இதுக்கு வார்த்தை கிடையாது. ஸ்பானிஷ்காரங்க எங்களைத் திட்டற வார்த்தை அது. உங்களைச் சொல்லல" என்றார். அந்தச் சொல்லுக்கு இந்தியன் என்றுதான் அர்த்தம், நம் பெயர்தான் அது என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் அது தெரியும். மேலே சொல்லுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார். நான் ரிப்போர்ட்டில் எழுதிய வரிவரைக்கும் சொல்லி முடித்தேன்.

மார்த்தா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். எர்னெஸ்டோ என் பக்கம் திரும்பினார். "இருபது நிமிஷ தூரம் வர இருபத்தஞ்சு வருஷம் ஏன் ஆச்சுன்னு கேக்கறா."

எனக்கு மூன்று மொழி தெரியும், அரவிந்த். எதிலும் பதில் வரவில்லை. நான் என்ன சொன்னாலும் அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அவளைப் பார்த்துத் திரும்பி, இவரிடம் பதில் இல்லை என்பதையும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

அப்பா